முதியோர் கணக்கும் வங்கிக் கட்டணமும்

(காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்முகாமில் கடந்த இரண்டு நாட்களாகக் குடிநீர், சாலை, ஏரி மராமத்து, வீட்டுவரி முதலிய பல பொருள்களைப் பற்றி அறிஞர் பலர் விரிவாக எடுத்துரைத்தார்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் அவற்றைப் போல் பெரிதாகத் தோன்றாது. எனினும் நம் ஊர்களில் உள்ள ஒவ்வொரு முதியவரின் அடுப்போடும் மருந்துச் சீட்டோடும் அது தொடர்புடையது. வங்கிக் கணக்கில் பிடிக்கப்படும் கட்டணங்களைப் பற்றியதே அப்பொருள். முதியவர் ஒருவருக்குப் பொருந்தாத கணக்கைக் கொடுத்துவிட்டு, அதற்குக் கட்டணமும் வசூலித்தால், அவருடைய பிள்ளைகளும் உறவினரும் ஊராட்சி உறுப்பினரும் செய்ய வேண்டுவது யாது? இதனைச் சிறிது விளக்கமாக ஆராய்வோம்.

முன்னாளில் முதியோர் உதவித் தொகையை அஞ்சற்காரர் வீட்டுத் திண்ணையில் வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். இன்று அத்தொகை வங்கிக் கணக்கில் சேர்கிறது. உழவர்களுக்குப் பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என 2019 முதல் மூன்று தவணைகளாக வழங்கப்பட்டு வரும் தொகையும், நெல் கொள்முதல் பணமும், நெசவாளர் கூலியும் அவ்வாறே வங்கி வழியாக வருகின்றன. இடைத் தரகர் ஒழிந்தது பெரும் நன்மையே, அதில் ஐயமில்லை. ஆனால் திண்ணையில் எண்ணி வாங்கிய பணத்தைக் கண்ணால் கண்டோம். கணக்கில் வந்து கணக்கிலேயே குறையும் பணத்தைக் காண்பவர் யார்?

நம் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் செய்யுமுன் நம் வீட்டுக் கதையைக் கூறிவிடுவது முறையாகும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நம் பெரியப்பா ஒருவர் இருக்கிறார். வயது 74. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டு நெய்தவர். கண்பார்வை குறைந்ததும் தறியை விற்றுவிட்டார். அரசு வழங்கும் மாத ஓய்வூதியம் 1,200 ரூபாயே அவருடைய சொந்த வருமானம். அத்தொகை வந்து சேர அவருக்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. நாமே அவரை ஒரு வங்கிக் கிளைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்தவர்கள் அன்பாகவே நடந்துகொண்டார்கள். 'மூத்த குடிமக்களுக்கு என்று சிறப்புக் கணக்கு இருக்கிறது, அதையே திறந்துவிடலாம்' என்றார்கள். சிறப்பு என்ற சொல்லைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம். அவர்கள் காட்டிய இடங்களில் எல்லாம் பெரியப்பா கையெழுத்திட்டார். தொலைபேசி எண் கேட்டபோது, நம் அலுவலகத்தில் கொடுத்திருந்த கைப்பேசி எண்ணையே எழுதிக் கொடுத்தோம். காகிதத்தில் இருந்த சிறிய எழுத்துக்களை நாம் படிக்கவில்லை. பட்டம் பெற்றவர்கள், அரசாங்கக் கோப்புகளை வரி வரியாகப் படிப்பவர்கள், அன்று படிக்கவில்லை.

பதினெட்டு மாதங்கள் கழிந்தன. அதற்குள் நாம் மாறுதலாகி வேறு ஒன்றியத்திற்குச் சென்றுவிட்டோம். அலுவலகக் கைப்பேசி நமக்குப் பின் வந்தவரிடம் சென்றுவிட்டது. தை மாதத்தில் ஒருநாள் பெரியப்பாவைக் காணச் சென்றபோது, அவர் நம்மைத் தனியே அழைத்து, "இரத்த அழுத்த மாத்திரைக்கு இருநூறு ரூபாய் இருக்குமா, தம்பி?" என்று கேட்டார். வாழ்நாளில் ஒருவரிடமும் கைநீட்டாதவர் அவர். ஓய்வூதியம் வரவில்லையா என்று வினவினோம். "வருகிறது. ஆனால் போதவில்லை" என்றார்.

பாஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் வங்கியில் பதிவு செய்து பார்த்தோம். நிலைமை விளங்கிற்று. அக்கணக்கில் மாதச் சராசரி இருப்பு 5,000 ரூபாய் இருத்தல் வேண்டுமாம். மாதம் 1,200 ரூபாய் பெறுபவர் நான்கு மாத ஓய்வூதியத்தைத் தொடாமலே வைத்தாலும் 5,000 ரூபாய் ஆகாது என்பதை எண்ணிப் பாருங்கள். தறியை விற்ற பணம் கணக்கில் இருந்தவரை, முதல் நான்கு மாதங்களுக்குத் தொல்லை இல்லை. அதன் பிறகு நிகழ்ந்தது வருமாறு:

இருப்புக் குறைவுக்காக, வரி உட்பட மாதம் 118 ரூபாய் வீதம் 14 மாதங்களுக்கு 1,652 ரூபாய். விபத்துக் காப்பீடு என்ற பெயரில் ஆண்டுக்கு 500 ரூபாய் வீதம் இரு முறை 1,000 ரூபாய். ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 295 ரூபாய் வீதம் இரு முறை 590 ரூபாய். குறுஞ்செய்திக்குக் காலாண்டுக்கு 17 ரூபாய் 70 காசு வீதம் ஆறு முறை 106 ரூபாய் 20 காசு. ஆக மொத்தம் 3,348 ரூபாய் 20 காசு. ஏறத்தாழ மூன்று மாத ஓய்வூதியம்!

அந்த விபத்துக் காப்பீட்டிற்கு வயது வரம்பு 70. பெரியப்பாவோ அதில் சேர்க்கப்பட்ட அன்றே 70-ஐத் தாண்டியவர். விபத்து நேர்ந்தாலும் ஒரு காசு கிடைத்திராது. குறுஞ்செய்திகளோ நாம் விட்டுவிட்டு வந்த கைப்பேசிக்குச் சென்றுகொண்டிருந்தன. எவர் கண்ணிலும் படாத எச்சரிக்கைகள் அவை.

கணக்குக் கேட்பது குற்றமன்று

வங்கிக்கு எழுதுவோம் என்று நாம் கூறியபோது பெரியப்பா இசையவில்லை. "விட்டுவிடு, தம்பி. அரசாங்கம் கொடுக்கிற பணம். கேட்கப் போய் உள்ளதும் நின்றுவிட்டால் என் கதி என்ன?" என்றார். இவ்வச்சம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. நம் ஊர்களில் உள்ள முதியோர் பெரும்பாலோருடைய நெஞ்சில் இருப்பது இதுவே. ஆகையால் இதற்குரிய விடையை முதலில் தெளிவாகக் கூறிவிடுகிறோம். ஓய்வூதியம் வழங்குவது அரசு. கட்டணம் பிடிப்பது வங்கி. இரண்டும் வெவ்வேறு. வங்கிக் கட்டணத்தைப் பற்றி முறையிட்டதற்காக எவருடைய ஓய்வூதியமும் நிறுத்தப்படுவதில்லை.

அவருக்கு நாம் வேறு விதமாகச் சொன்னோம். காஞ்சிபுரத்துத் தறிகளில் பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலையை நிறுத்து வாங்குவார்கள். "சரிகையில் ஐந்து கிராம் குறைந்தால் சொசைட்டியில் விட்டுவிடுவார்களா, பெரியப்பா?" என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "விடமாட்டார்கள். கொடுத்ததில் குறைந்திருந்தால் நானும் விட்டதில்லை" என்றார். மேலும் ஒரு வார்த்தை சொன்னார்: "எழுது. ஆனால் மரியாதையாக எழுது."

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. கணக்குக் கேட்பதை நம் நாடு என்றும் இழிவாகக் கருதியதில்லை. இம்மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளை நீங்கள் அறிவீர்கள். குடவோலை முறையைக் கூறும் அக்கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று விதிக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கணக்குக் கேட்ட மண்ணில் இருந்துகொண்டு, ஒரு பாஸ் புத்தகத்தின் கணக்கைக் கேட்க நாம் அஞ்சலாமா?

விதிகள் கூறுவது என்ன?

வங்கிகள் கட்டணம் வசூலிப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. செய்த பணிக்கு நியாயமான கட்டணம் பெற அவற்றுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி வகுத்துள்ள சில விதிகளை உறுப்பினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

முதலாவது, குறைந்தபட்ச இருப்பைப் பற்றியது. 2014 நவம்பரில் வெளியிடப்பெற்று 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆணையின்படி, இருப்புக் குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். இருப்பைச் சரிசெய்ய ஒரு மாதத்திற்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். அதன் பின்னர் விதிக்கும் கட்டணமும் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ற அளவில்தான் இருக்க வேண்டும். இக்கட்டணத்தால் மட்டும் கணக்கு கடன் நிலைக்குச் செல்லுதல் கூடாது. இரண்டு ஆண்டுகளாக வாடிக்கையாளரின் வரவு செலவு இன்றிச் செயலற்றுப் போன கணக்கில் இருப்புக் குறைவுக்காகக் கட்டணம் விதித்தலும் கூடாது.

இரண்டாவது, குறுஞ்செய்திக் கட்டணம். உண்மையில் அனுப்பிய செய்திகளின் அளவிற்கேற்ப வசூலிக்க வேண்டும் என்று 2013-இலேயே வங்கிகள் அறிவுறுத்தப்பட்டன.

மூன்றாவது, பொருத்தமுடைமை. ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வாடிக்கையாளர் உரிமைச் சாசனம் ஒன்றை வெளியிட்டது. அதில் ஐந்து உரிமைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று, வாடிக்கையாளரின் தேவைக்கும் நிலைமைக்கும் பொருந்தியதையே வங்கி அவருக்கு அளிக்க வேண்டும் என்னும் உரிமையாகும். 1,200 ரூபாய் வருமானமுள்ளவருக்கு 5,000 ரூபாய் இருப்புக் கணக்கும், 70 வயதைக் கடந்தவருக்கு 70 வயது வரையுள்ள காப்பீடும் பொருந்தாதவை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும்.

இத்தொல்லை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு பயணக் காப்பீடு முதலியவற்றைச் சேர்த்துக் கொடுக்கும் கணக்குகள் பரவின. வயது முதலிய காரணங்களால் அக்காப்பீட்டின் பயனைப் பெற முடியாதவர்களும் கட்டணம் செலுத்தி வந்தார்கள். அதனால் 2013 முதல், அத்தகைய கணக்கைக் கொடுக்குமுன் காப்பீட்டின் பயனைப் பெற அவருக்குத் தகுதி உண்டா என்பதை வங்கியே ஆராய வேண்டும் என்று அங்கு விதி செய்தார்கள்.

கட்டணமில்லாக் கணக்கு

முதியோருக்கு ஏற்ற கணக்கு எது என்ற வினா இயல்பாக எழும். அதற்கு விடை, அடிப்படைச் சேமிப்பு வங்கிக் கணக்கு என்பதாகும். 2005-இல் எளிய கணக்காகத் தொடங்கி, 2012-இல் இப்பெயர் பெற்று, 2019-இல் மேலும் வசதிகள் சேர்க்கப்பட்ட கணக்கு இது. இதற்குக் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது. பணம் கட்ட எண்ணிக்கை வரம்பு இல்லை. மாதம் நான்கு முறையேனும் கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். ஏ.டி.எம். அட்டைக்குக் கட்டணம் இல்லை. அரசு அனுப்பும் தொகையும் தாராளமாக வந்து சேரும். 2014-இல் தொடங்கிய ஜன் தன் கணக்குகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஏழைகளுக்கு மட்டும் என்ற நிபந்தனை இதற்கில்லை; கேட்கும் எவருக்கும் உரியது. ஒரே வங்கியில் இக்கணக்கும் வேறொரு சேமிப்புக் கணக்கும் ஒருசேர வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பொதுத்துறை வங்கிகள் சில, எல்லாச் சேமிப்புக் கணக்குகளிலும் இருப்புக் குறைவுக் கட்டணத்தை நீக்கியுள்ளன. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் நீக்கிற்று. கனரா வங்கி 2025 சூன் 1 முதலும், இந்தியன் வங்கி 2025 சூலை 7 முதலும் நீக்கின. அதற்கு முன் இக்கட்டணம் எவ்வளவு பெரிதாயிருந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 2019-20 முதல் 2023-24 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இவ்வகையில் வசூலித்தது ஏறத்தாழ 8,500 கோடி ரூபாய் என்று 2024 சூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. சிறு துளிகள் சேர்ந்த பெருவெள்ளம் இது.

நம் மாவட்டத்திலேயே நீங்கள் கண்ட ஒரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறோம். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப் பெற்றது. தொகை கணக்குகளில் சேர்ந்த சில நாட்களுக்குள்ளேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கூறிச் சில வங்கிகள் அதிலிருந்து பிடித்துக்கொண்டதாக மகளிரிடமிருந்து முறையீடுகள் எழுந்தன. அந்நாளில் நிதியமைச்சராயிருந்த திரு. தங்கம் தென்னரசு அவர்கள், அவ்வாறு பிடித்தம் செய்தல் கூடாது என்று வங்கிகளை எச்சரித்து அறிக்கை வெளியிட்டார். பாதிக்கப்பட்டோர் 1100 என்ற எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார். பெண்கள் வாய் திறந்து கேட்டதால் அன்றோ அது வெளிவந்தது!

பிடித்த பணம் திரும்பி வருமா என்று ஐயுறுவோர்க்கும் ஒரு சான்று உண்டு. குறிப்பிட்ட சில மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கு 2020 சனவரி 1-க்குப் பின் வசூலித்த கட்டணங்களைத் திருப்பிக் கொடுக்குமாறு, மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்டு 30 அன்று வங்கிகளுக்கு அறிவுறுத்திற்று.

முறையிடும் முறை

இனி, உறவினராயிருந்து உதவ விரும்புவோர் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலில் முதியவரின் இசைவைப் பெறுக. கணக்கு அவருடையது, பணம் அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்க வேண்டும். அவருடைய இரகசிய எண்ணை நாம் கேட்கவும் வேண்டா, அவர் சொல்லவும் வேண்டா. முறையிடுவதற்கு அது தேவையே இல்லை.

அடுத்து, பாஸ் புத்தகத்தை இன்றைய தேதி வரை பதிவு செய்துகொள்க. அதில் ஆங்கில எழுத்துச் சுருக்கங்களாகக் காணப்படும் ஒவ்வொரு பற்றுக்கும் பொருள் கேட்டு, தமிழில் ஒரு பட்டியல் எழுதுக. தேதி, தொகை, காரணம் என மூன்று பத்திகள் போதும். எல்லாப் பற்றும் தவறானவை என்று எண்ணிவிடுதல் கூடாது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் 18 வயது முதல் 70 வயது வரையுள்ளோர்க்கு இரண்டு இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு அளிப்பது. தகுதியுள்ளவர் அதை அவசரப்பட்டு நீக்குதல் நன்றன்று. தகுதி கடந்தவரிடம் பிடிக்கப்பட்டால் மட்டும் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, வாயால் சொல்வதோடு நில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பாவிற்காக நாம் கிளையில் முதலில் வாயால் கேட்டபோது, 'கணினி தானாகப் பிடிக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை' என்றார்கள். மறுநாள் கடிதம் கொடுத்தபோது, அதே மேசையில் அதை வாங்கி, முத்திரையிட்டு, நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீங்களும் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டு அக்கடிதத்தின் வாசகத்தைத் தருகிறோம்:

"மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கிளையில் எனக்குள்ள சேமிப்புக் கணக்கில், இத்துடன் இணைத்துள்ள பட்டியலின்படி மொத்தம் 3,348 ரூபாய் 20 காசு பிடிக்கப்பட்டுள்ளது. என் வயது 74. மாத ஓய்வூதியம் தவிர எனக்கு வேறு வருமானம் இல்லை என்பதைக் கணக்குத் திறந்த நாளிலேயே தெரிவித்திருந்தேன். இருப்புக் குறைவு பற்றிய அறிவிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. காப்பீட்டிற்கு நான் வயதால் தகுதியற்றவன். ஆகவே, இக்கட்டணங்கள் எந்த விதியின்படி, எந்த ஒப்புதலின்பேரில் பிடிக்கப்பட்டன என்பதை எழுத்து மூலம் தெரிவித்து, முறையற்றவற்றைத் திருப்பித் தருமாறு வேண்டுகிறேன். இக்கணக்கை அடிப்படைச் சேமிப்பு வங்கிக் கணக்காக மாற்றித் தருமாறும், என் தொலைபேசி எண்ணைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

கடிதத்தில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. தொகை உண்டு, காரணம் உண்டு, வேண்டுகோள் உண்டு. இதற்கு மேல் எழுத வேண்டுவதில்லை. நகலில் தேதியுடன் முத்திரை பெறாமல் வெளியே வருதல் கூடாது.

நான்காவதாக, 30 நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை நிறைவளிக்காவிட்டாலும், காலம் தாழ்த்தாமல் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மன் என வழங்கும் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 1995-இல் வங்கிகளுக்கென்று தொடங்கிய இவ்வேற்பாடு, 2021 நவம்பர் 12 முதல் ஒருங்கிணைந்த திட்டமாக நடைபெற்று வருகிறது. இதற்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் தேவையில்லை. முதியவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தால் உறவினர் ஒருவர் அவர் சார்பில் முறையிடலாம். ரிசர்வ் வங்கியின் முறையீட்டு இணையத்தளம் வழியாகவோ, சண்டிகரிலுள்ள மையத்திற்கு அஞ்சல் வழியாகவோ மனு அனுப்பலாம். 14448 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே விளக்கம் பெறலாம். வங்கியிடம் முதலில் எழுத்து மூலம் கேட்காமல் நேரே இங்குச் சென்றால் மனு ஏற்கப்படாது. கிளையில் பெற்ற முத்திரையின் அருமை இங்கேதான் விளங்கும்.

உழவர்களுக்கு ஒரு சொல். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இக்குறைதீர்ப்பாளரின் எல்லைக்கு உட்பட்டவை அல்ல. அங்குள்ள குறைகளைக் கூட்டுறவுத் துறையின் துணைப்பதிவாளரிடம் எழுதுக.

மற்றும் ஓர் எச்சரிக்கை. சினத்தால் பழைய கணக்கை உடனே மூடிவிடாதீர்கள். ஆதார் எண் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்துள்ளதோ அங்குதான் அரசுத் தொகைகள் பல வந்து சேரும். அதே கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரக் கேட்பதே நேர் வழி. வேறு வங்கிக்குத்தான் செல்ல வேண்டும் எனில், புதிய கணக்கில் ஆதாரை இணைத்து, ஓய்வூதியம் ஒரு மாதம் அங்கு வந்து சேர்ந்ததைக் கண்ட பின்னரே பழையதை மூட வேண்டும்.

பெரியப்பாவின் கடிதத்திற்கு இருபத்திரண்டாம் நாள் விடை வந்தது. இருப்புக் குறைவுக் கட்டணம் 1,652 ரூபாயும், காப்பீட்டுத் தொகை 1,000 ரூபாயும், ஆக 2,652 ரூபாய் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்பட்டது. கணக்கும் அடிப்படைக் கணக்காக மாற்றப்பட்டது. அட்டையைப் பயன்படுத்தியிருப்பதால் அதன் கட்டணத்தையும், செய்திகள் கொடுத்த எண்ணிற்கே அனுப்பப்பட்டமையால் அதன் கட்டணத்தையும் திருப்ப இயலாது என்று எழுதியிருந்தார்கள். அந்த 696 ரூபாய் 20 காசு பெற மேலும் முறையிடலாமா என்று பெரியப்பாவைக் கேட்டோம். "அட்டையை நான் எடுத்துப் போனது உண்மை. எண்ணை மாற்றாதது உன் பிழை. அது கிடக்கட்டும்" என்றார். அவருடைய தராசு நேராகவே நின்றது. குறுஞ்செய்திப் பணம் 106 ரூபாய் 20 காசை நாமே அவரிடம் கொடுத்தோம். முதலில் மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார்.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

ஒரு குடும்பத்தில் இதைச் செய்து முடிக்க நமக்கு மூன்று மாலைப் பொழுதுகள் போதுமாயிருந்தன. ஆனால் படித்த உறவினர் இல்லாத முதியோர் எத்தனை பேர்! கணவனை இழந்து தனியே வாழும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு உறவாக நிற்க வேண்டியவர் ஊராட்சி உறுப்பினரே.

ஒவ்வொரு உறுப்பினரும் தம் வார்டில் ஓய்வூதியம் பெறும் முதியோரின் பட்டியல் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டுகிறோம். கிராம சபை கூடும் நாளன்று ஒரு மேசை போட்டு, மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த படித்த பெண்கள் இருவரை அமர்த்தி, விரும்பி வருவோரின் பாஸ் புத்தகங்களைப் பார்க்கச் செய்யலாம். கணக்கு எவ்வகையைச் சேர்ந்தது, கைப்பேசி எண் சரியானதா, என்னென்ன பிடிக்கப்பட்டுள்ளது என்னும் மூன்று வினாக்கள் போதும். ஒருவர் இருப்பு மற்றவர்க்குத் தெரியாதவாறு மேசை சற்று ஒதுங்கி இருத்தல் நலம். அருகிலுள்ள வங்கிக் கிளை மேலாளரை அன்போடு அழையுங்கள். அவர்கள் நம் பகைவர் அல்லர். பத்து மனுக்களை ஒரே நாளில் வாங்கிக் கணக்குகளை மாற்றித் தர அவர்களுக்கும் அது வசதியே. அங்குத் தீராதவற்றை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும், திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திற்கும் கொண்டு செல்லலாம்.

புதிதாகக் கணக்குத் திறக்கும் முதியவருடன் செல்வோர் ஒன்றை மறவாதிருப்பாராக. 'அடிப்படைச் சேமிப்பு வங்கிக் கணக்கு வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கையெழுத்திடுமுன் இருப்பு எவ்வளவு, ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, காப்பீடு உண்டா என்று கேட்டு, விடையைக் காகிதத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி எண் முதியவர் வீட்டிலேயே இருக்கும் எண்ணாக இருக்க வேண்டும். நாம் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டா.

அன்பர்களே, கோர்வைச் சேலை நெய்வதற்கு ஒருவர் போதாது. கரையை உடலோடு சேர்க்கும்போது மறுபுறம் ஒருவர் அமர்ந்து நாடா கொடுக்க வேண்டும். சிறுவயதில் விடுமுறை நாட்களில் நாம் பெரியப்பாவின் தறியில் அவ்வாறு அமர்ந்ததுண்டு. நெய்பவர் அவர்தாம், நாம் துணை மட்டுமே. முதியோருக்கு வங்கியில் நாம் செய்ய வேண்டுவதும் அத்தகைய துணையே. அவர்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ளாமல், அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, படித்துக் காட்டி, எழுதிக் கொடுத்து, முத்திரை பெற்று வருவோம்.

அடுத்த கிராம சபைக்குள் ஒவ்வோர் ஊராட்சியிலும் இம்மேசை போடப்படும் என்று நம்புகிறோம். எத்தனை பாஸ் புத்தகங்கள் பார்க்கப்பட்டன, எத்தனை கணக்குகள் மாற்றப்பட்டன, எவ்வளவு தொகை திரும்பி வந்தது என்பதை ஒன்றிய அலுவலகத்திற்கு எழுதியனுப்புமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.